பச்சைச் சேறு கிரீஸ் ஆன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

கிணற்றின் சூட்டை ஆய்வகத்தில் உண்டாக்கக் குடுவைகளைச் சூட்டில் உருட்டும் அடுப்பிலிருந்து எடுத்த எஃகுக் குடுவையை ஆறவிட்டு, உள்ளே அடைந்திருந்த அழுத்தத்தை மெல்ல வெளியேற்றி, மூடியைத் திருகித் திறந்தேன். கவிழ்த்தேன். எதுவும் விழவில்லை. முந்தைய நாள் மாலை தடையில்லாமல் ஓடிய 350 மில்லி லிட்டர் கலவை, 150 டிகிரி செல்சியஸில் 16 மணி நேரம் உருண்டபின், சுவரோடு ஒட்டிய வெளிர்பழுப்பு மசியலாக நின்றது. கரண்டியால் கிள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பு, பிசுபிசுப்பு, லேசான சோப்பு வாடை. வண்டி அச்சுக்குப் போடுகிற கிரீஸ்தான் நினைவுக்கு வந்தது.

அது உண்மையிலேயே கிரீஸ்தான் என்பது மூன்று நாள் கழித்து உறுதியானது. தாவர எண்ணெயையும் திருத்திய களிமண்ணையும் கொண்டு சுற்றுச்சூழலுக்கு இணக்கமான துளையிடு சேறு ஒன்றை உருவாக்க எங்கள் சிறு குழு எடுத்த முயற்சியின் முதல் விளைச்சல் அது. பின்னால் வந்த மற்ற தோல்விகளும் ஏதோ ஒரு வகையில் அந்தக் குடுவைக்கே திரும்பி வந்தன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சேறு என்றால் என்ன

ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது குழாய் வழியே கீழே இறக்கி, துளையிடும் அலகின் முனையில் பீய்ச்சி, குழாய்க்கும் பாறைச் சுவருக்கும் இடையிலான வளையம் வழியே மேலே கொண்டுவரும் திரவத்தைத் தொழிலில் இருப்பவர்கள் ‘மட்’ என்பார்கள். சேறுதான். 1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் பீறிட்ட கிணற்றைத் தோண்டியவர்கள், மணல் அடுக்கில் துளை இடிந்து விழாமல் இருக்க, குளத்தில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டுச் சேறு கலக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, சேற்றின் வேலை அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும். அலகைக் குளிரவைக்க வேண்டும். உடைந்த பாறைத்துகளைத் தூக்கிவர வேண்டும். பாறையிலுள்ள வாயுவும் திரவமும் உள்ளே பாயாதபடி தன் எடையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து கசிவைத் தடுக்க வேண்டும். பம்பு நின்றால், துகள்கள் அடியில் போய்க் குவியாதபடி உறைந்து அவற்றைத் தாங்கி நிற்க வேண்டும். பம்பு ஓடியதும் மறுபடி இளக வேண்டும்.

இந்தக் கடைசிக் குணம்தான் களிமண்ணின் கைவண்ணம். நீர் அடிப்படையிலான சேற்றில் பெண்டோனைட் என்ற களிமண் தானாகவே உப்பி அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் நீரைக் குடித்து வீங்கி இடிந்து விழும் களிப்பாறை அடுக்குகளில் நீர்ச்சேறு எடுபடாது. அங்கே எண்ணெய் அடிப்படையிலான சேறு வேண்டும். எண்ணெய் வெளியே, உப்புநீர்த் துளிகள் உள்ளே என்று அமைந்த தலைகீழ்ப் பால்மம் அது. நீண்ட காலம் அந்த எண்ணெய் டீசலாகவே இருந்தது. மலிவு, எங்கும் கிடைக்கும், சூட்டைத் தாங்கும். துகளோடு ஒட்டிக்கொண்டு கடலடியில் போய்க் குவிந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும் என்பதுதான் கோளாறு. வட கடலின் பழைய மேடைகளுக்கு அடியில் அப்படிக் குவிந்த மேடுகள் இன்றும் ஒரு தனித் தலைவலி.

தாவர எண்ணெய் எஸ்டரைக் கொண்ட சேறு முதன்முதலாகக் கிணற்றில் இறங்கியது 1990-இல், நார்வே கடற்பகுதியில். ஆகவே நாங்கள் ஒன்றும் புதுக் கண்டம் கண்டுபிடிக்கப் புறப்படவில்லை. அன்று பயன்பட்டது பனைக்கொட்டை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை 2-எத்தில்ஹெக்ஸனால் என்ற கிளைத்த ஆல்கஹாலோடு இணைத்துச் செய்த எஸ்டர். சூழலியலாளர்கள் வரவேற்றார்கள். ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளில் பெட்ரோலியத் தொழிலிலிருந்தே வந்த ஓலிஃபின் வகைச் செயற்கைத் திரவங்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. விலை ஒரு காரணம். குளிரில் எஸ்டர் தடித்துவிடுவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை அந்த எஃகுக் குடுவை எனக்குக் கற்றுக்கொடுத்தது. படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்தான். படித்தும் இருந்தேன். படிப்பது வேறு, கரண்டியால் சுரண்டுவது வேறு.

முதல் கலவை

முதல் கலவையில் நாங்கள் எஸ்டர்கூடப் போடவில்லை. சுத்திகரித்த தாவர எண்ணெயை அப்படியே எடுத்துக்கொண்டோம். ‘பதப்படுத்துதல் எவ்வளவு குறைவோ அவ்வளவு பசுமை’ என்று திட்ட முன்வரைவில் எழுதியிருந்தோம்; கேட்க நன்றாக இருந்தது. எண்ணெயும் உப்புநீரும் 80:20. உப்புநீரில் கால்சியம் குளோரைடு. எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கக் கொழுப்பு அமிலப் பால்மமாக்கி, எடை கூட்டப் பேரைட் என்ற கனமான கனிமம், பாகு கூட்டக் கரிமக் களிமண் (எண்ணெயில் உப்பும்படி திருத்திய களிமண்), கடைசியில் நீற்றிய சுண்ணாம்பு. டீசல் சேற்றின் செய்முறைதான். டீசல் இருந்த இடத்தில் தாவர எண்ணெய், அவ்வளவே.

அடுப்பில் வைக்கும் முன்பே ஒரு எச்சரிக்கை வந்தது. 40 டிகிரியில் டீசலின் இயக்கப் பாகுநிலை நொடிக்கு 2 முதல் 4 சதுர மில்லிமீட்டர் என்றால், பெரும்பாலான தாவர எண்ணெய்களுடையது 30-ஐத் தாண்டும். பத்து மடங்கு. பாகுநிலைமானியில் நிமிடத்துக்கு 600 சுழற்சியில் முள் கிறுகிறுவென்று மேலேறியது. அதைப் பார்த்துவிட்டுக் களிமண்ணின் அளவைக் குறைத்தோம். உண்மையில் குறைத்தது பிழை. தாவர எண்ணெய் தருவது வெறும் தடிப்பு. எவ்வளவு மெதுவாகச் சுழற்றினாலும் அதே பாகுநிலைதான். நின்றால் உறைவது அதற்குத் தெரியாது. களிமண் தருவது கட்டமைப்பு. வேகமாக ஓடும்போது தளர்ந்து கொடுக்கும், நின்றவுடன் கைகோத்துக்கொள்ளும். 600, 300 சுழற்சிகளின் அளவைப் பார்த்துச் சேற்றை எடைபோடுகிறவர்கள் 6-ஐயும் 3-ஐயும் பார்க்க மறந்துவிடுகிறார்கள். கிணற்றின் வளைய இடைவெளியில் துகளைத் தூக்குவதும் பேரைட்டைத் தாங்குவதும் அந்தக் கடைசி இரண்டு அளவுகள்தான்.

அதற்குப் பிறகு அடுப்பு. மறுநாள் கிரீஸ்.

சுண்ணாம்பின் கணக்கு

முதலில் நாங்கள் சந்தேகப்பட்டது எண்ணெயின் ஆக்சிஜனேற்றத்தை. இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த எண்ணெய் காற்றுப்பட்டு இறுகுவது எல்லாரும் அறிந்தது. ஆளி விதை எண்ணெய் வண்ணப்பூச்சில் காய்ந்து தோலாவது அப்படித்தான். ஆனால் எங்கள் குடுவைக்குள் காற்றே இல்லை. மூடும்போது நைட்ரஜனை அடைத்துத்தான் அழுத்தம் ஏற்றுகிறோம். (இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நைட்ரஜனில் உருட்டிப் பார்த்து ‘சூட்டைத் தாங்குகிறது’ என்று சான்று எழுதுகிறோம். களத்தில் அதே சேறு சூடாக மேலே வந்து, அதிர்வுச் சல்லடைமேல் மெல்லிய திரையாக விரிந்து, திறந்த தொட்டியில் கலக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் காற்றைக் குடிக்கிறது. அந்தக் கேள்வியை எங்கள் அடுப்பு கேட்பதே இல்லை.)

விடை தராசில் இருந்தது. உருட்டும் முன்பும் பின்பும் சேற்றில் மீந்திருக்கும் சுண்ணாம்பை அமிலத்தால் தரம்பார்த்து (டைட்ரேஷன்) அளந்தோம். முன்பு தாராளமாக இருந்தது. பின்பு அறவே இல்லை. தாவர எண்ணெயும் இயல்பிலேயே ஒரு வகை எஸ்டர்தான்; அகச்சிவப்பு நிறமாலையில் 1745 செ.மீ.⁻¹ அருகே நிற்கும் அதன் எஸ்டர் முகடு குறுகியிருந்தது. அதற்குப் பதிலாக 1550-ஐ ஒட்டிப் புதிய முகடு எழுந்திருந்தது. அது கால்சியம் கார்பாக்சிலேட், அதாவது கால்சியம் சோப்பு.

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கலவையைப் போட்டதற்காக அன்று வெட்கப்பட்டேன். வழக்கமான தாவர எண்ணெயின் சோப்பாக்க எண் சுமார் 190. ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க 190 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்று பொருள். அதைச் சுண்ணாம்புக்கு மாற்றினால், ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 125 கிராம். நாங்கள் 350 மில்லி லிட்டருக்கு 7 கிராம் சுண்ணாம்பு போட்டிருந்தோம். லிட்டருக்கு 20 கிராம். டீசல் சேற்றில் அது வியப்பூட்டும் அளவே அல்ல. ஆனால் அந்த 20 கிராம் 160 கிராம் தாவர எண்ணெயைச் சோப்பாக்கப் போதும். ஒரு லிட்டர் சேற்றில் இருக்கும் மொத்த எண்ணெயே அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். கால் பங்குக்கும் மேல் சோப்பு! கால்சியம் கிரீஸ் காய்ச்சுகிறவர் வேறென்ன செய்கிறார்? கொழுப்பையும் சுண்ணாம்பையும் எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, இழைக்கட்டு நிலைக்க ஓரிரு விழுக்காடு நீரை விட்டுவைக்கிறார். நீரை நாங்கள் ஐந்தில் ஒரு பங்காக வைத்திருந்தோம், சூட்டையும் கலக்கலையும் அடுப்பு தந்தது. கிரீஸ் வராமல் இருந்திருந்தால்தான் வியந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு குறும்பு உண்டு. சுண்ணாம்பை நாங்கள் சும்மா போடவில்லை. கொழுப்பு அமிலப் பால்மமாக்கி வேலை செய்யவே சுண்ணாம்பு வேண்டும். அது கால்சியம் சோப்பாக மாறித்தான் நீர்த்துளியைச் சுற்றிக் கவசமாக நிற்கிறது. பால்மத்தைக் காக்கும் பொருளும் கிரீஸாக்கிய பொருளும் ஒன்றே, அளவுதான் வேறு. டீசலில் சோப்பாகக்கூடிய பகுதியே இல்லை என்பதால், எண்பது ஆண்டுக்கால எண்ணெய்ச்சேற்று அனுபவத்தில் சுண்ணாம்பை யாரும் பகையாகப் பார்த்ததில்லை. கூடுதலாக இருந்தால் நல்லது என்றே கற்பிக்கப்பட்டது. பாறையிலிருந்து கார்பன் டை ஆக்சைடோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ கசிந்தால் விழுங்கிக்கொள்ள அது ஒரு காப்பு.

மக்கும் பிணைப்பு

இங்கேதான் இந்த ஆய்வின் நடுநரம்பு இருக்கிறது. தாவர எண்ணெய்ச் சேற்றை நாம் விரும்புவது ஏன்? கடலடியிலோ மண்ணிலோ போய்ச் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும் என்பதால். நுண்ணுயிர் முதலில் கடிக்கும் இடம் எஸ்டர் பிணைப்பு. நீரைச் சேர்த்து அதை அறுக்கும் நொதி எல்லா இடத்திலும் இருக்கிறது. கிணற்றின் அடியில் சூடும் சுண்ணாம்பும் அறுப்பதும் அதே பிணைப்பைத்தான். கடல்நீரில் 28 நாட்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் சிதைய வேண்டும் என்று ஓஈசிடி என்ற நாடுகளின் அமைப்பு வகுத்த 306-ஆம் சோதனையில் எதிர்பார்க்கிறோம். அதே திரவம் 28 நாள் கிணற்றில் சுற்றும்போது சிதையவே கூடாது என்றும் எதிர்பார்க்கிறோம். இரண்டையும் ஒரே மூலக்கூறிடம் கேட்கிறோம் என்பதை முன்வரைவு எழுதும்போது நாங்கள் உணரவில்லை. ‘உயிரிச் சிதைவுத் திறன்’ ஒரு பத்தியில், ‘வெப்ப நிலைப்பு’ அடுத்த பத்தியில். இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இதற்கு முழு விடை கிடையாது. பேரம்தான் உண்டு. எஸ்டரைக் கொஞ்சம் மறைவான இடத்தில் வைப்பது, சுண்ணாம்பைக் குறைப்பது, சூட்டுக்கு எல்லை வகுப்பது. இந்த மூன்றிலும் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று தேடியதில்தான் அடுத்த மாதங்கள் போயின.

எண்ணெயை மாற்றினோம். முதலில் மெத்தில் எஸ்டர். உயிரி டீசலாக விற்கும் அதே பொருள். ஐரோப்பியத் தரம் அதன் பாகுநிலைக்கு 3.5 முதல் 5 வரை இடம் தருகிறது, ஆகவே டீசலுக்கு அருகில். தீப்பற்றுநிலை 101 டிகிரிக்குக் குறையக் கூடாது. டீசலுக்கு 55 போதும். துளைமேடையில் வேலை செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. பாகுநிலைமானி சாந்தமாக நடந்துகொண்டது. மகிழ்ச்சியோடு அடுப்பில் வைத்தோம். மறுநாள் குடுவையைச் சுற்றிக் கசிவு. மூடிக்கு அடியிலிருந்த ரப்பர் வளையத்தை எடுத்தால், பள்ளத்தில் திரும்ப உட்கார மறுத்தது. பிதுங்கி, மென்மையாகி, நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. அது சாதாரண நைட்ரைல் ரப்பர். எஸ்டர் அதற்குள் ஊறிவிடும். ஆய்வகத்தில் வளையத்தை ஃப்ளோரோகார்பன் ரப்பருக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். ஆனால் துளைமேடையில் அடித்துளை மோட்டாரின் உள்ளுறையும், கிணறு பீறிட்டால் மூடிப் பிடிக்கும் வெடிப்புத் தடுப்பானின் அடைப்பும் ரப்பர்தான். சுற்றுச்சூழலுக்கு இணக்கமான சேறு வெடிப்புத் தடுப்பானின் ரப்பரைக் கெடுத்தால் அது எந்த வகை இணக்கம்?

அதோடு, மெத்தில் குழு மிகச் சிறியது. எஸ்டர் பிணைப்புக்கு அது நிழல் தருவதில்லை. ஹைட்ராக்சைடு எளிதாக வந்து தாக்கும், அறுந்து வருவதோ நச்சான மெத்தனால். ஆகவே சுற்றி வளைத்து 1990-க்கே போய்ச் சேர்ந்தோம், 2-எத்தில்ஹெக்சைல் எஸ்டருக்கு. கிளைத்த ஆல்கஹால் பிணைப்பின் மேல் குடைபோல் கவிந்து தாக்குதலைத் தாமதப்படுத்துகிறது, குளிரில் உறைவதையும் தள்ளிப்போடுகிறது. பாகுநிலை மெத்தில் எஸ்டரைவிடச் சற்றுக் கூடுதல், பொறுத்துக்கொள்ளலாம். முன்னோடிகள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

எந்த எண்ணெயின் கொழுப்பு அமிலம் என்பதிலும் ஒரு சொல். இரட்டைப் பிணைப்புகளின் அளவுகோலான அயோடின் எண் ஆளி விதைக்கு 170-ஐத் தாண்டும், சோயாவுக்கு 120-ஐ ஒட்டி மேலே, பனை எண்ணெய்க்கு 50 சொச்சம். எண் கூடினால் காற்றில் கெடும். குறைந்தால் குளிரில் உறையும். ஆமணக்கும் புங்கமும்போல உண்ணாத எண்ணெய்களில் தொடங்குவதே நியாயம் என்பது என் கட்சி. உணவுக்கான எண்ணெயைப் பாறைக்குள் இறைத்துவிட்டுப் பசுமை பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

சுண்ணாம்பைக் குறைத்தோம். அதற்குப் பால்மமாக்கியையும் மாற்ற வேண்டியிருந்தது. கொழுப்பு அமிலத்தைப் பாலி அமீனோடு இணைத்துச் செய்த அமைடு வகை, சுண்ணாம்பின் துணை அதிகம் கேட்காது. பால்மத்தின் உறுதியை மின்முனைகளுக்கிடையே வோல்ட்டை ஏற்றிப் பார்ப்பது வழக்கம். நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மின்சாரம் பாய்கிற இடம்வரை ஏற்றுவது. உருட்டியபின்னும் அது சரிந்துவிடவில்லை. கூடுதல் சுண்ணாம்பு போனதால் அமில வாயுவுக்கு எதிரான காப்பும் போயிற்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு எதிர்பார்க்கப்படும் அடுக்குகளுக்கு இந்தச் சேறு இல்லை என்று அன்றே எழுதிவைத்தோம்.

இனி களிமண்

இதுவரை சொன்னதில் களிமண் ஓரமாக நின்றது. திட்டத்திலும் அப்படித்தான் நின்றது. எண்ணெயின் பச்சையையே எல்லாரும் பார்த்தோம். களிமண் என்பது மண்தானே, அதில் என்ன கேடு என்ற நினைப்பு.

பெண்டோனைட்டின் உயிர் மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம். ஒரு நானோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தடிமனுள்ள தகடுகள், அடுக்கிய காகிதம்போல. தகடுகளின் மேல் எதிர்மின்சுமை. அதைச் சமன்செய்ய இடையில் சோடியம் அயனிகள். நீர் உள்ளே புகுந்து தகடுகளைப் பிரிப்பதால் நீரில் உப்புகிறது. எண்ணெயில் போட்டால் மணல்போல அடியில் கிடக்கும். சோடியத்தை வெளியேற்றிவிட்டு நீண்ட கொழுப்பு வாலுள்ள அம்மோனியம் அயனியை உட்காரவைத்தால் தகடு எண்ணெயை விரும்பத் தொடங்குகிறது. இதை முறையாக ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டவர் ஜே. டபிள்யூ. ஜோர்டன். வாலில் பத்துக் கார்பன்களாவது இருந்தால்தான் களிமண் கரிமத் திரவத்தில் நன்றாக உப்பும் என்று அவர் காட்டினார்.

செய்து பார்ப்பதற்கு இதைப்போல இன்பமான வேதியியல் குறைவு. களிமண்ணை நீரில் இரண்டு மூன்று விழுக்காடாகக் கரைத்து, மணல் அடங்கவிட்டு, மேலே நிற்கும் மங்கலான கரைசலை மட்டும் எடுத்து 70 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். அம்மோனிய உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கட்டத்தில், பால் திரிவதுபோல, மொத்தக் கலங்கலும் ஒரேயடியாகத் திரியும். திட்டுத் திட்டாக வெண்ணிறச் செதில்கள், நடுவே கண்ணாடிபோல் தெளிந்த நீர். வடிகட்டி, குளோரைடு போகும்வரை கழுவி, உலர்த்தி, அரைத்தபின் ஒரு சிட்டிகையை நீரில் தூவினால் நனையாமல் மிதக்கும். எண்ணெயில் தூவினால் மெல்ல அமிழ்ந்து உப்பும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில், தகடுகளின் இடைவெளி 1.2 நானோமீட்டரிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் அகன்றிருப்பது தெரியும்.

இப்போது மறுபடியும் தராசுக்கு வருவோம். களிமண்ணின் அயனிப் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 90 மில்லி சமானம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ களிமண்ணுக்கு 0.9 மோல் அம்மோனிய உப்பு வேண்டும். வழக்கமாகப் பயன்படும் இரட்டை வால் உப்பான டை-ஆக்டாடெசில் டைமெத்தில் அம்மோனியம் குளோரைடின் மூலக்கூறு எடை 586. ஆக, கிலோவுக்கு 528 கிராம். குளோரைடு கழுவிப் போனபின், கரிமக் களிமண் என்று பையில் விற்பதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு அமீன். ‘இயற்கைக் களிமண்’ என்று அறிக்கையில் எழுதும் பொருளின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, நீர்வாழ் உயிர்களுக்கு நச்சும் மெல்ல மட்டுமே சிதைவதுமான வேதிப்பொருள். தகட்டில் ஒட்டியிருக்கும்வரை அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது, பிடிப்பு வலுவானது. பரிமாற்றத் திறனுக்கு மேல் போட்ட மிகுதிதான் கழன்று நீரில் இறங்கும்.

இந்த அமீனையும் பசுமையாக்கிவிடலாம் என்று எங்களுக்கு ஒரு யோசனை. துணி மென்மையாக்கிகளில் இதே இரட்டை வால் உப்புதான் முன்பு இருந்தது. ஐரோப்பாவில் 1990-களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டு, வாலின் நடுவே எஸ்டர் பிணைப்பு வைத்த எஸ்டர்குவாட் வகைக்கு மாறினார்கள். கழிவுநீரில் அது விரைவாகச் சிதைகிறது. அதையே களிமண்ணுக்குள் ஏற்றினால் என்ன? ஏற்றினோம். திரிந்தது, கழுவினோம், எண்ணெயில் அழகாக உப்பியது. கண்ணாடிக் கோலை நட்டால் நிற்கும் அளவுக்கு உறைந்தது.

அடுப்பிலிருந்து எடுத்தபோது இந்த முறை கிரீஸ் இல்லை. மாறாக நீர்த்துப்போயிருந்தது. 6, 3 சுழற்சிகளில் முள் அசையவே இல்லை. குடுவையின் அடியில் பேரைட் சிமெண்டைப்போல் இறுகி உட்கார்ந்திருந்தது. என்ன நடந்திருக்கும் என்று இம்முறை நிறமாலை பார்க்காமலே தெரிந்தது: சூட்டிலும் காரத்திலும் வால்கள் அறுந்துவிட்டன. வாலில்லாத களிமண் எண்ணெயை மறந்துவிட்டது. முதல் குடுவையில் எஸ்டர் அறுந்து சேறு இறுகியது, இந்தக் குடுவையில் எஸ்டர் அறுந்து சேறு இளகியது. குற்றவாளி அதே பிணைப்புதான்.

இந்த இடத்தில் குழு இரண்டாகப் பிரிந்தது. சூட்டின் எல்லையை இன்னும் இறக்கி எஸ்டர்குவாட்டைத் தக்கவைக்கலாம் என்றது ஒரு தரப்பு. நான் மறுதரப்பு. களத்தில் முப்பது ஆண்டு சேறு பார்த்த பொறியாளர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். இரண்டு குடுவைகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “பச்சை என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா சார்? இரவு இரண்டு மணிக்கு இது இளகிவிட்டால் குழாய் மாட்டிக்கொள்ளும். அதை மீட்க நான் மறுபடியும் டீசலைத்தானே ஊற்றுவேன்?” என்றார். அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்காத சூழல் மதிப்பீடு எதுவும் முழுமையானதல்ல. கெட்டுப்போகும் பசுமைச் சேறு, கெடாத பழைய சேற்றைவிட அதிகக் கழிவை உண்டாக்கும்.

நாங்கள் கடைசியில் எடுத்த முடிவு கொஞ்சம் பழமையானது. அமீனை மாற்றவில்லை, அதன் அளவைக் குறைத்தோம். கரிமக் களிமண்ணின் ஒரு பகுதிக்குப் பதிலாக செபியோலைட் என்ற வேறொரு களிமண் கனிமத்தைக் கொண்டுவந்தோம். அது தகடல்ல, ஊசி. வைக்கோல் போர்போல் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு கட்டமைப்புத் தருகிறது. அதன் அயனிப் பரிமாற்றத் திறன் மான்ட்மோரிலோனைட்டைவிட மிகக் குறைவு என்பதால், எண்ணெய்க்குப் பழக்க ஒரு மெல்லிய பூச்சு போதும். மீதியிருந்த களிமண்ணில் பழைய, அறாத வாலையே வைத்தோம், ஆனால் பரிமாற்றத் திறனுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தினோம், கழன்று வர மிகுதி இருக்கக் கூடாது என்பதற்காக. எங்கள் தரப்பு வென்றதாகச் சொல்ல மாட்டேன். ‘அப்படியானால் உங்கள் சேற்றில் மெல்லச் சிதையும் பொருள் இருக்கிறது, இல்லையா?’ என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடலடி

உயிரிச் சிதைவு வேகமாக இருந்தால் நல்லது என்றே நினைத்துவந்தோம். அதிலும் ஒரு மறுபக்கம். ஒரு கண்ணாடிச் சாடியில் கடலடி வண்டலை இட்டு, மேலே கடல்நீர் விட்டு, எஸ்டர் ஒட்டிய பாறைத்துகளைத் தூவி வைத்தோம். சில நாட்களில் துகளுக்குக் கீழே கறுப்புப் பட்டை ஒன்று இறங்கியது, மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். நுண்ணுயிர்கள் எஸ்டரை விருந்தாகத் தின்று, வண்டலிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, சல்ஃபேட்டில் கைவைத்துவிட்டன. அந்த வண்டலில் புழுவோ சிப்பியோ இருந்திருந்தால் மூச்சுமுட்டிச் செத்திருக்கும். பிறகு, எஸ்டர் தீர்ந்ததும், வண்டல் மீளும். டீசல் மேட்டில் அந்த மீட்சிக்கு ஆண்டுகள் ஆகும். வேகமாகச் சிதைவது என்றால் வேகமாக மூச்சுமுட்டவைப்பதும்தான். துகள் மெல்லிய அடுக்காகப் பரவுகிறதா, குவியலாக விழுகிறதா என்பதைப் பொறுத்தது மீதி.

விதிகள் இதை இரண்டு விதமாகக் கையாள்கின்றன. 2001 முதல் நடைமுறைக்கு வந்த ஆஸ்பார் (வடகிழக்கு அட்லாண்டிக்கைக் காக்கும் நாடுகளின் உடன்படிக்கை) முடிவின்படி, அந்தக் கடற்பகுதியில் உலர் எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் கரிமத் திரவம் ஒட்டிய துகளைக் கடலில் கொட்ட முடியாது. எஸ்டரா ஓலிஃபினா என்ற பேச்சே இல்லை. சல்லடையால் அந்த அளவை எட்டுவது நடவாத காரியம் என்பதால், துகளைப் பெரும்பாலும் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு வகுத்த வரம்பு வேறு மாதிரி. ஈரத் துகளின் எடையில் ஓலிஃபினுக்கு 6.9 விழுக்காடு, எஸ்டரின் தரத்தை எட்டும் திரவத்துக்கு 9.4 விழுக்காடு. நன்றாகச் சிதைவதற்குக் கொடுத்த சலுகை அது. முதல் விதியின் கீழ் எங்கள் உழைப்பின் பெரும்பகுதிக்குக் கடலில் மதிப்பில்லை. கரையில் துகளைக் கையாளும் தொழிலாளிக்கும் மண்ணுக்கும் மட்டுமே அது பயன். ஆனால் நிலத்தில் வேறு சிக்கல் காத்திருக்கிறது: பால்மத்துக்குள் இருக்கும் கால்சியம் குளோரைடு. எண்ணெய் மக்கிவிடும், குளோரைடு மக்காது. அது மண்ணை உவராக்கும். எஸ்டர் தயாரிப்பில் மிஞ்சும் கிளிசராலை உப்புநீருக்குப் பதிலாக உள்ளே வைக்க முடியுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இறுதிக் கலவையின் விவர அட்டையில் ‘உயிரிச் சிதைவுத் திறன் உள்ளது’ என்ற வரியை ஏழாவது இடத்துக்குத் தள்ளினோம். முதல் நான்கும் தடைகள்: 120 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள அடுக்கில் வேண்டாம், பழைய டீசல் சேறு கிடந்த தொட்டியைக் கழுவாமல் ஊற்ற வேண்டாம், சுண்ணாம்பைக் கண்ணளவில் கூட்ட வேண்டாம். வரைவைப் படித்த அந்தக் களப் பொறியாளர் பேனாவை எடுத்து, ஓரத்தில் ஐந்தாவதாக ஒன்றைத் தன் கையெழுத்தில் சேர்த்தார்: ‘பம்பு போடுமுன் ரப்பர் வளையங்கள் எந்த வகை என்று பார்க்கவும்.’ அச்சிட்ட அட்டையிலும் அதை அப்படியே ஐந்தாவதாக வைத்திருக்கிறோம்.